துகளின் அளவையும் கேளுங்கள்: திருப்பூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத் தலைவர் அவர்களுக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

திருப்பூரில் ஒரு பிராசசிங் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சாயம் ஏறி வரும் பனியன் துணிக்கு வாடிக்கையாளர் கேட்கும் ஃபினிஷை, அதாவது கடைசியாக ஏற்றும் ரசாயனப் பூச்சைப் போடுவதும், போட்டது பத்து இருபது துவைப்புக்குப் பிறகும் நிற்கிறதா என்று பார்ப்பதும் எங்கள் பிரிவின் வேலை. வியர்வை நாற்றம் வராத துணி, கிருமி அண்டாத துணி, வெயிலைத் தடுக்கும் துணி என்று கேட்பவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். கொரோனா காலத்துக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். இதற்காக நானோ வெள்ளி, நானோ துத்தநாக ஆக்ஸைடு, நானோ டைட்டானியம் டை ஆக்ஸைடு ஆகியவை எங்கள் ஷெட்டுக்குள் வந்துவிட்டன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்; அந்தக் கணக்கில் அளக்கும் அளவுக்குப் பொடித்தவை இவை. அவற்றை எப்படிக் கையாள்வது, மிச்சத்தை எங்கே விடுவது, மிஷின் பக்கத்தில் நிற்பவர் மூச்சில் எவ்வளவு போகலாம் என்று எங்களுக்கு வந்து சேர்ந்த எந்த உத்தரவிலும் ஒரு வரி இல்லை.

நான் கேட்பது பெரிய சட்டம் இல்லை. ஆலை இயங்க வாரியம் தரும் இசைவாணைக்கான விண்ணப்பத்திலும், கெமிக்கல் கேனோடு வரும் பாதுகாப்புத் தாளிலும் "துகளின் அளவு என்ன?" என்ற கேள்வியைச் சேருங்கள். இந்த மடலில் மற்றதெல்லாம் அந்த ஒரு கேள்வி ஏன் வேண்டும் என்பதற்கான விளக்கம்தான்.

ஒரு கேனைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நீல நிற பிளாஸ்டிக் கேன். மேலே கிருமித் தடுப்பு ஃபினிஷ் என்று ஒட்டியிருக்கும். உள்ளே இளமஞ்சள் திரவம். வெள்ளி இந்த நிறத்தில் இருப்பதே அது எவ்வளவு பொடியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். நகைக்கடை வெள்ளி பளபளக்கும். அதே வெள்ளியைச் சில பத்து நானோமீட்டர் அளவுக்குக் கொண்டுபோனால் வெளிச்சத்திலுள்ள நீலத்தை விழுங்கி மஞ்சளாகத் தெரியும். அதனால்தான் வெள்ளைத் துணி லாட்டுக்கு இதைப் போட்டால் லேசாக மஞ்சள் தட்டுகிறது என்று ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஓடி வருவார். ஆக, துகள் அளவின் விளைவை எங்கள் கண்ணே பார்த்துவிடுகிறது. கேனோடு வந்த தாளில் மட்டும் அது இருக்காது. பதினாறு பிரிவுள்ள தாள் அது. மூன்றாம் பிரிவில் வெள்ளி இத்தனை சதவீதம் என்று இருக்கும். ஒன்பதாம் பிரிவில் "தோற்றம்: திரவம், நிறம்: இளமஞ்சள்" என்று இருக்கும். எத்தனை நானோமீட்டர், என்ன வடிவம், மேலே என்ன பூச்சு என்று சப்ளையரைக் கேட்டால், அது கம்பெனி ரகசியம் சார் என்பார்.

அந்த அளவு ஏன் முக்கியம் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் வெள்ளியை உருண்டையாக உருட்டினால் அதன் மேற்பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர். அதே ஒரு கிராமை 20 நானோமீட்டர் துகள்களாக ஆக்கினால் மொத்த மேற்பரப்பு 28 சதுர மீட்டரைத் தாண்டிவிடும். அதாவது 300 சதுர அடி, இங்கே தொழிலாளர் குடும்பம் வாடகைக்கு இருக்கும் ஒரு லைன் வீட்டைவிடக் கொஞ்சம் பெரிது. வெள்ளி அயனி கரைந்து வெளியேறுவதும், பாக்டீரியாவைக் கொல்வதும், நம் உடலின் செல்லோடு உரசுவதும் இந்தப் பரப்பில்தான் நடக்கிறது. தராசில் இரண்டும் ஒரே ஒரு கிராம்தான் காட்டும். நம் விதிகள் எடையைத்தான் பார்க்கின்றன. 1989-ஆம் ஆண்டின் அபாயகரமான ரசாயனங்கள் விதிகளை எடுத்தாலும் சரி, 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் காற்று வரம்புப் பட்டியலை எடுத்தாலும் சரி, பொருளின் பெயர், எத்தனை டன், ஒரு கன மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்குதான்.

வேறு இடத்தில் இந்தக் கணக்கை மாற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம், சுருக்கமாக நியோஷ், வெள்ளித் தூசுக்கும் புகைக்கும் ஒரு கன மீட்டர் காற்றில் 10 மைக்ரோகிராம் என்று பரிந்துரைத்திருந்தது. நானோ வெள்ளிக்கு 2021-இல் தனி வரம்பு போட்டது: 0.9 மைக்ரோகிராம். ஒரே உலோகம், பத்து மடங்குக்கு மேல் கறாரான வரம்பு. பல வாரங்கள் நானோ வெள்ளியைச் சுவாசித்த எலிகளின் நுரையீரலிலும் கல்லீரலிலும் மாற்றம் தெரிந்ததே அதற்குக் காரணம். டைட்டானியம் டை ஆக்ஸைடிலும் இதே கதைதான். 2011-இல் சாதாரணப் பொடிக்கு 2.4 மில்லிகிராம், மிக நுண்ணிய பொடிக்கு 0.3 மில்லிகிராம் என்று பிரித்தார்கள். எலிச் சோதனையில் சாதாரணப் பொடி கன மீட்டருக்கு 250 மில்லிகிராம் என்ற மிக அதிக அளவில்தான் நுரையீரல் கட்டியை உண்டாக்கியது. நுண்பொடியோ சுமார் 10 மில்லிகிராமிலேயே அதைச் செய்தது.

வடிவமும் சும்மா விடாது. கார்பன் நானோ குழாய்களில் நீளமாக, விறைப்பாக இருப்பவை எலியின் வயிற்றறைச் சவ்வில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழையைப் போலவே அழற்சியை உண்டாக்கின என்று 2008-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். சுருண்டு கிடக்கும் குட்டையான குழாய்கள் அப்படிச் செய்யவில்லை. 2014-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை கூடியபோது, ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த பல சுவர்க் குழாய்களில் எம்.டபிள்யூ.சி.என்.டி-7 என்ற ஒரே ஒரு ரகத்தை மட்டும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. மற்ற ரகங்களைப் பற்றி முடிவு சொல்லப் போதுமான சான்று இல்லை என்றது. எல்லாமே கார்பன்தான். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்போது எங்கள் ஷெட்டுக்குள் வாருங்கள். பேடிங் மிஷினில் துணி கெமிக்கல் தொட்டிக்குள் முங்கி, ரோலருக்கு நடுவே பிழியப்பட்டு, ஸ்டென்டருக்குள் போய்ச் சூட்டில் காய்ந்து வெளியே வரும். லாட் முடிந்ததும் தொட்டியில் சில பத்து லிட்டர் மிஞ்சும். அடுத்த லாட்டுக்கு வேறு ஃபினிஷ் என்றால் மிச்சத்தை வைத்திருக்க இடமில்லை. வால்வைத் திறந்தால் கழிவுநீர் வாய்க்காலில் போய்விடும். வாங்கியவர் வீட்டில் துவைக்கும்போது துணியிலிருந்து வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போவதைப் பற்றி உலகம் பூராவும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2008-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெள்ளி ஏற்றிய காலுறைகளை வெறும் தண்ணீரில் அலசிப் பார்த்தபோது, சில பிராண்டுகள் நான்கே அலசலில் கிட்டத்தட்ட எல்லா வெள்ளியையும் விட்டுவிட்டன, வேறு பிராண்டில் மிகக் குறைவாகவே போனது. எப்படி ஒட்டினார்கள் என்பதைப் பொறுத்து அவ்வளவு வித்தியாசம். ஆனால் துவைப்பதற்கு முன்னால், துணி ஆலையை விட்டுப் போவதற்கும் முன்னால், மிஞ்சிய பாத்தில், அதாவது தொட்டிக் கரைசலில், போவதுதான் அடர்த்தி அதிகம். இதை அளக்க வேண்டிய இடம் எங்கள் ஊர்.

பொடியாக வருவதுதான் எனக்கு இன்னும் பயம். துத்தநாக ஆக்ஸைடு மூட்டையின் வாயைப் பிரித்துச் சாய்க்கும்போது வெள்ளைப் புகை மாதிரி எழும். அதைச் செய்பவர் பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த இருபது இருபத்திரண்டு வயதுப் பையன். முகத்தில் கட்டியிருப்பது கைக்குட்டை. நானோ துகள் எந்த மாஸ்க்கிலும் நுழைந்துவிடும், அதனால் மாஸ்க் போட்டுப் பிரயோஜனமில்லை என்று ஒரு பேச்சும் ஷெட்டில் இருக்கிறது. அது தவறு. மிகச் சிறிய துகள்கள் நேர்கோட்டில் போவதில்லை, அங்குமிங்கும் ஆடிக்கொண்டே போவதால் நல்ல வடிகட்டியின் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். முகத்தோடு சரியாகப் பொருந்தும் என்-95 மாஸ்க் நன்றாகவே பிடிக்கும். கைக்குட்டை பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒரு போர்டில் எழுதி மாட்டச் சொல்ல இயக்ககத்துக்கு எந்தப் புதிய ஆராய்ச்சியும் தேவையில்லை.

வாரியத்துக்குத் திருப்பூரின் பழைய கதையை நினைவூட்ட வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1990-களின் பிற்பகுதியில் இங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினோம். அவை தண்ணீரின் நிறத்தைக் குறைத்தன. சாயத்தோடு போட்ட உப்பு கரைந்தபடியே நொய்யல் ஆற்றுக்குப் போனது. பார்வைக்குத் தெளிந்த தண்ணீர்தான். ஆனால் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, இறங்கவே இல்லை. ஆற்றின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர் தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளும் வயல்களும் கெட்டு, விவசாயிகள் நீதிமன்றம் போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் சொட்டுத் தண்ணீர்கூட வெளியே விடாத முறைக்கு முழுசாக வந்தோம். அன்றைக்கு நாம் சுத்திகரிக்காமல் இல்லை. எதை இறக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிந்ததை இறக்கினோம். நானோ வெள்ளியின் விஷயத்தில் எடையை மட்டும் அளப்பது அதே வழியில்தான் போய் முடியும்.

சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வெள்ளிக்கு என்ன ஆகிறது என்பதற்கு நல்ல செய்தியும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சுவிட்சர்லாந்தின் இயாவாக் நிறுவனம் ஒரு சோதனைச் சுத்திகரிப்பு நிலையத்தில் நானோ வெள்ளியை விட்டுப் பார்த்து 2011-இல் வெளியிட்டது. பெரும்பகுதி கசடோடு ஒட்டிக்கொண்டு, வெள்ளி சல்பைடாக மாறிவிட்டது. அது எளிதில் கரையாது, அதனால் நச்சும் குறைவு. இன்னொரு பக்கம், அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவை நானோ வெள்ளி முடக்குவதையும், 5 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களே அதிகம் முடக்குவதையும் பார்த்தார்கள். உயிரியல் சுத்திகரிப்புத் தொட்டியை ஓட்டுபவர்களுக்கு அந்த பாக்டீரியா செத்தால் என்ன கஷ்டம் என்று தெரியும். சுவிஸ் முடிவை அப்படியே இங்கே ஒட்டவும் முடியாது. அது வீட்டுச் சாக்கடை நீர். எங்கள் நீரில் உப்பு பல மடங்கு, குளோரைடு அதிகம். வெள்ளி சல்பைடாக ஆகும் வேகமும், வழியில் குளோரைடோடு சேர்ந்து என்னவாகிறது என்பதும் வேறு கணக்கு. இங்கத்தித் தண்ணீரை, இங்கத்திக் கசடை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கசடு எங்கள் நிலையங்களின் கிடங்குகளிலிருந்து சிமென்ட் ஆலைக்குப் போகிறது, இறக்கி ஏற்றும் ஆட்கள் அதன் தூசிலேயே நிற்கிறார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அளவைக் கேட்டால் தொழில் படுத்துவிடும் என்று எங்கள் முதலாளிகளில் சிலர் சொல்வார்கள். அவர்கள் ஏற்கெனவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் உங்களுக்கு இல்லை. ஆர்கானிக் பருத்திக்கான காட்ஸ் சான்றிதழ் வைத்திருக்கும் ஆலைகள் திருப்பூரில் எத்தனையோ. அந்தச் சான்றிதழ் நானோ துகள் ஃபினிஷையே தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012 உயிர்க்கொல்லிப் பொருள் விதிப்படி, கிருமியைத் தடுக்கும் என்று சொல்லி விற்கும் துணியில் அந்தப் பொருள் நானோ வடிவில் இருந்தால், லேபிளில் பெயருக்குப் பக்கத்தில் நானோ என்று அச்சிட வேண்டும். 2020-இல் அவர்கள் பாதுகாப்புத் தாளின் விதியைத் திருத்தி, நானோ வடிவமாக இருந்தால் துகளின் விவரத்தை அதில் எழுத வேண்டும் என்றார்கள். பிரான்சில் 2013-இலிருந்து, வருஷத்துக்கு 100 கிராமுக்கு மேல் நானோ பொருளைத் தயாரித்தாலோ, இறக்குமதி செய்தாலோ, விநியோகித்தாலோ அரசிடம் பதிவு செய்ய வேண்டும். 100 கிலோ இல்லை, 100 கிராம். ஆக, இங்கே ஒரே மிஷினில் ஓடும் இரண்டு லாட்டில், ஐரோப்பாவுக்குப் போகும் சட்டையை வாங்குபவருக்குத் தெரிவது, இங்கே காதர்பேட்டைக் கடைகளில் அதே சட்டையை வாங்கும் நம் ஊர்க்காரருக்குத் தெரியாது. எனக்கு இது தாங்கவில்லை.

நம் நாட்டில் முடியாத விஷயமும் இல்லை. நானோ யூரியாவை 2021-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தபோது, நைட்ரஜன் எத்தனை சதவீதம் என்பதோடு துகள் எத்தனை நானோமீட்டர் இருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். வயலுக்குப் போகும் நானோ பொருள்களை எப்படி மதிப்பிடுவது என்று 2020-இல் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையே வழிகாட்டுதல் வெளியிட்டது. வயலில் தெளிப்பதற்குக் கேட்ட கேள்வியை உடம்பில் போடும் துணிக்குக் கேட்க என்ன தயக்கம்?

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியத்தைப் பாருங்கள். 2020-இல் அந்த நாட்டு அரசு மக்களுக்கு இலவசமாகத் துணி மாஸ்க் கொடுத்தது. அதில் நானோ வெள்ளியும் டைட்டானியம் டை ஆக்ஸைடும் இருப்பது பிறகுதான் பேசுபொருளானது. 2021 பிப்ரவரியில், ஆபத்து உறுதியாகும்வரை காத்திருக்காமல், அந்த மாஸ்க்கை இனிப் போட வேண்டாம் என்று அரசே சொல்ல வேண்டி வந்தது. நல்ல எண்ணத்தோடு கோடிக்கணக்கில் வாங்கிக் கொடுத்த பொருள். வாங்கும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, மக்கள் மாதக்கணக்கில் அதன் வழியாக மூச்சு விட்ட பிறகு கேட்டார்கள்.

சோதனை எப்படிச் செய்வது என்று தெரியாதே என்ற பதிலும் வரலாம். சில வருஷங்களுக்கு முன்னால் அது நியாயமான பதில். நானோ துகளைச் சோதிப்பது உண்மையிலேயே வம்பு பிடித்த வேலை. தண்ணீரில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கலக்கிய விதத்தைப் பொறுத்து முடிவு மாறும். செல் செத்ததா பிழைத்ததா என்று காட்டும் சாயத்தைக் கார்பன் குழாயே பிடித்துக்கொண்டு தப்பான கணக்குக் கொடுத்த சம்பவமெல்லாம் உண்டு. ஆனால் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2006-இலேயே இதற்கென்று ஒரு குழு அமைத்தது. வெள்ளி, டைட்டானியம் டை ஆக்ஸைடு, கார்பன் குழாய் என்று பத்துக்கு மேற்பட்ட பொருள்களை நாடுகள் பங்கு போட்டுச் சோதித்தன. எல்லா ஆய்வகமும் ஒரே சரக்கை வைத்துச் சோதிக்க வேண்டும் என்பதற்காக இத்தாலியின் இஸ்பிராவில் மாதிரிப் பொருள்களின் கிடங்கே வைத்தார்கள். 2013-இல் அந்த அமைப்பின் கவுன்சில் சொன்ன முடிவு நமக்கு வசதியானது: ரசாயனங்களுக்கு இருக்கும் சட்டமும் சோதனை முறையும் போதும், நானோவின் தன்மைக்கு ஏற்பத் திருத்திக்கொண்டால் சரி. தண்ணீரில் துகள் கலைந்து நிற்கிறதா, படிகிறதா என்று பார்க்கும் 318-ஆம் எண் சோதனை முறை 2017-இல் வந்தது. அந்த அமைப்பில் உறுப்பினராக இல்லாவிட்டாலும், 2011 முதல் இந்தியாவின் சான்று பெற்ற ஆய்வகங்கள் தரும் பாதுகாப்புத் தரவை அந்த நாடுகள் ஏற்கின்றன.

கருவிக்கும் ரொம்ப தூரம் போக வேண்டாம். ஐம்பது கிலோமீட்டரில் கோவை. அங்கே வேளாண் பல்கலைக்கழகத்தில் நானோ ஆய்வுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் லக்னோவில் நச்சியலுக்கென்றே மத்திய நிறுவனம் இருக்கிறது.

செலவு யார் தலையில் விழ வேண்டும் என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். திருப்பூரில் நிறையப் பேர் ஜாப் ஒர்க் செய்பவர்கள். கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி வாங்கி ஃபினிஷ் போட்டுக் கொடுப்பவரிடம் போய் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ரிப்போர்ட் கேட்டால் அவர் எங்கே போவார்? கெமிக்கலைத் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் ஒரு தடவை அளந்து தாளில் எழுத வேண்டும். ஐரோப்பாவில் விற்பதற்கு அவர்களில் பலர் ஏற்கெனவே எழுதித்தான் கொடுக்கிறார்கள். ஆலை செய்ய வேண்டியது, அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு எத்தனை கிலோ வாங்கினோம் என்று இசைவாணைப் புதுப்பிப்பின்போது சொல்வது மட்டும்.

அப்புறம் மிச்ச பாத். அதை வாய்க்காலில் திறந்துவிடாமல் தனி டிரம்மில் பிடித்து வைக்கச் சொல்லி வாரியம் நாளைக்கே ஒரு சுற்றறிக்கை விடலாம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் கசடில் வெள்ளி, துத்தநாகம், டைட்டானியம் எவ்வளவு என்று ஒரு வருஷம் மாதாமாதம் எடுத்துப் பாருங்கள். உங்கள் ஆய்வகங்களின் வழக்கமான பட்டியலில் இன்னும் சில உலோகங்கள் சேரும், அவ்வளவுதான். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் பேடிங், ஸ்டென்டர், பொடி கலக்கும் இடம் இந்த மூன்றிலும் காற்றை உறிஞ்சி எடுத்து அளக்கட்டும். எங்கள் ஆலையிலேயே ஆரம்பிக்க நான் நிர்வாகத்திடம் பேசத் தயார். வந்த முடிவு நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் தமிழில் வெளியிடுங்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அதைச் சொல்லி விற்கும் உரிமை எங்கள் ஆலைகளுக்கு உண்டு. பயப்பட வேண்டும் என்று தெரிந்தால் மூட்டை பிரிக்கும் பையனுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை முதலில் உண்டு.

நானோ ஃபினிஷைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. தீக்காயக் கட்டுக்கு வெள்ளி ஏற்றிய துணி எத்தனையோ பேருக்கு உதவுகிறது. ஆனால் ஜட்டி, பனியன், காலுறை எல்லாவற்றுக்கும் அது வேண்டுமா என்ற கேள்வி எனக்கு உண்டு, அதற்கும் தரவு கையில் இருந்தால்தான் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

அடுத்த இசைவாணைப் புதுப்பிப்புக்கு எங்கள் ஆலை விண்ணப்பிக்கும்போது, மூலப்பொருள் பட்டியலில் பெயர், எத்தனை கிலோ என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் துகள் அளவுக்கு மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்க வேண்டும். அதை நிரப்பத் தேவையான விவரங்களைச் சேகரிக்க ஆரம்பித்துவிட்டேன். கட்டத்தை நீங்கள் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பூர் பிராசசிங் ஆலை ஒன்றின் ஆய்வகப் பணியாளர்